டைட்டானியக் கழுத்து

செவ்வாய்க்கிழமை

குட்டியின் அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. குட்டியின் பிறந்தநாளுக்கு நான் செய்து கொடுத்த சைக்கிள் கழுத்து எங்கே? போன வாரம் அவள் உன் வீட்டுக்கு வந்தபோது அதுதான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நேற்று என் பட்டறைக்குத் திரும்பிய சைக்கிளில் பழைய அலுமினியக் கழுத்து! "அம்மா கழட்டி லேபுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

கையகலத் துண்டுதானே என்று நினைத்தாயா? டைட்டானியப் பவுடரை லேசரால் உருக்கி, அடுக்கின் மேல் அடுக்காக, உள்ளே கூடு விட்டு அச்சிட்டது. ஒரு மாத உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மலைப் பந்தயம். அதற்குள் அது என் கைக்கு வர வேண்டும்.

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், இனி எழுதுங்கள் என்று அவள் போட்ட சட்டப்படி எழுதுகிறேன். தபால்காரியும் அவளே என்பதால் உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

குட்டியின் அப்பா

புதன்கிழமை

பட்டறை முதலாளிக்கு,

கழுத்து என் லேபின் சோதனை மெஷினில் இருந்தது. ஆட்டிப் பார்த்தேன். உடைந்துவிட்டது.

பத்து லட்சம் ஆட்டம் தாங்கும் என்று அவளிடம் பெருமை அடித்தீர்களாமே! எண்பதாயிரம்கூட வரவில்லை. மேட்டில் ஏறும்போது அவள் இழுக்கும் இழுப்பு எவ்வளவோ, அவ்வளவு பாரம்தான் கொடுத்தேன். உடைந்த முகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். விரிசல் உள்சுவரிலிருந்து கிளம்பியிருக்கிறது. அச்சிட்டபடியே சொரசொரவென்று விட்டிருக்கிறீர்கள். அந்தக் கூட்டுக்குள் விரலும் நுழையாது, உப்புத்தாளும் நுழையாது என்று உங்களுக்குத் தெரியாதா?

இது ஒரே அடியில் உடைகிற சமாசாரம் இல்லை. இன்றைக்குத் தாங்கும், நாளைக்கும் தாங்கும். உலோகம் உள்ளே அயர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பட்டென்று போகும். அப்போது ஹேண்டில்பார் மட்டும் தனியாகக் கையோடு வரும். யார் கையோடு? நம் பிள்ளையின் கையோடு. அவளுக்குப் பதினேழு வயது.

பழைய கழுத்தோடே ஓட்டட்டும்.

குட்டியின் அம்மா

வியாழக்கிழமை

மேடம் அவர்களுக்கு,

பிள்ளைக்கு அப்பன் ஆசையாகக் கொடுத்ததைச் சுக்குநூறாக்க எப்படித்தான் மனசு வந்ததோ! உடைக்கணும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஆட்டினால் எதுதான் உடையாது?

இந்தப் பவுடரில், இந்த மெஷினில் அச்சிட்ட சோதனைக் கம்பிகளை உன் லேபுக்குத்தானே அனுப்பினேன்? ஒன்றாவது உடைந்ததா? பாஸ் போட்டது யார்? அடியில் இருக்கும் கையெழுத்து யாருடையது? ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். நான் எதைச் செய்தாலும் உனக்கு நொட்டை.

ஒரு சேதி சொல்கிறேன், கேட்டுக்கொள். எதை அச்சிட்டாலும் ஒரே தட்டில் இரண்டாகத்தான் அச்சிடுவேன். இரண்டாவது கழுத்து என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஞாயிறு காலை மாட்டப் போகிறேன். "சூப்பர்ப்பா" என்று அவளும் சொல்லியாயிற்று. முடிந்தால் தடுத்துப் பார்.

குட்டியின் அப்பா

வெள்ளிக்கிழமை

உங்களுக்குத்தான்,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். குட்டி ஞாயிறு வரை உங்களோடுதான். அதனால் இதைக் கொரியரில் அனுப்புகிறேன்.

அந்தக் கம்பிகளை எப்படி அனுப்பினீர்கள்? லேத்தில் கடைந்து, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகு போட்டு! பெண் கேட்டு என் அப்பா முன்னால் வந்து நின்றீர்களே, மழமழவென்று ஷேவ் செய்து, வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி, அதே கதை. கம்பிக்கு நான் போட்ட பாஸைத் தூக்கிக் கழுத்துக்கு ஒட்ட யார் சொன்னது? இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர் நீங்கள். தெரியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், கெட்ட கோபம் வரும்.

இரண்டாவதும் உடையும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரே தட்டில் பிறந்தாலும் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று சீக்கிரம் போகும், இன்னொன்று வருஷக்கணக்கில் நிற்கும். எது எப்படி என்று உடைத்துப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. என்னிடம் அத்தாட்சி இல்லை. மாட்டாதீர்கள் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் தடுத்தால் "அப்பா குடுத்தது உங்களுக்குப் பிடிக்கலைம்மா" என்பாள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். அவளுக்கு ஏதாவது ஆனால், ஜென்மத்துக்கும் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன்.

குட்டியின் அம்மா

ஞாயிறு மாலை

குட்டியின் அம்மாவுக்கு,

மாட்டவில்லை. காலையில் வைஸ் பிடியில் இறுக்கி, ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போட்டேன், அவள் கண்ணெதிரே. "என்னப்பா பண்றீங்க, பைத்தியமா உங்களுக்கு!" என்று அலறினாள். மாட்டக் கூடாதென்றால் கூடாது என்றேன். வேறென்ன சொல்ல?

பழைய கழுத்தோடு ஓட்டி ஏழாவதாக வந்தாள். இறங்கியதும் என் வேனில் ஏற மாட்டேன் என்று தோழியோடு பஸ்ஸில் போய்விட்டாள். உனக்கு இப்போது சந்தோஷம்தானே? எனக்கு உன் மேல் வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

துண்டுகளை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

குட்டியின் அப்பா

புதன்கிழமை

உங்களுக்கு,

துண்டுகளை இரண்டு நாள் பார்த்தேன். முதல் கழுத்தில் விரிசல் கிளம்பிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இதில் அது இல்லை. உள்சுவரும் எவ்வளவோ தேவலை. ஞாயிற்றுக்கிழமை இது தாங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் பல வருஷம்கூட உழைத்திருக்கலாம். நல்ல சாமானைத்தான் அறுத்திருக்கிறீர்கள். எழுதாமல் விட்டால் உங்களுக்குத் தெரியப் போவதில்லை, ஆனால் எனக்கு அப்படி இருக்க வராது. அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். மறுபடி கேட்டாலும் மாட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

குட்டியிடமும் சொன்னேன். "நல்லாத்தான் இருந்துச்சுன்னா அப்பா ஏம்மா அறுத்தார்?" என்று கேட்டாள்.

"நான் சொன்னேன்னுதான்" என்றேன். அதைச் சொன்னதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அத்தாட்சி கேட்காமல், கணக்குக் கேட்காமல், நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் நீங்கள் ஒரு காரியம் செய்திருக்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. இதை அப்போது செய்ய உங்களுக்கு என்ன கேடு வந்தது? மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தபோது, ஒரே ஒரு தடவை, ஒரு சின்ன விஷயத்தில் செய்திருக்கக் கூடாதா? நான் கேட்டது அது ஒன்றுதானே!

கோபம் கோபமாய் வருகிறது. இதற்கு மேல் எழுத வரவில்லை. நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.

குட்டியின் அம்மா