ஊளையிடாத கிட்டார்

அண்ணே, உன் மகள் ஜெனியின் கல்யாண வரவேற்புக்கு எந்தக் கிட்டாரை எடுத்துச் செல்வது என்பது குறித்து, போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, குளித்துவிட்டு வெறும் வயிற்றில் இறுதி முடிவு எடுத்தேன். வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தேன். கட்டிலில் இரண்டையும் அருகருகே கிடத்தி, மின்விசிறியை நிறுத்தி, இரு தரப்பையும் தட்டிக் கேட்டேன். துறைமுகத்தை எந்தப் பக்கம் கட்டுவது என்று முடிவெடுத்தவர்கள்கூட இவ்வளவு யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம். தீர்ப்பு உன் பழைய கிட்டாருக்குச் சாதகமாக வந்தது.

இன்று அதன் பெட்டியைத் திறந்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. அந்தச் சனிக்கிழமையும் இதே வாசனைதான். உன் வியர்வையும் பாச்சா உருண்டையும் கலந்த பழைய நாற்றத்தை எதிர்பார்த்து மூக்கை நீட்டியவனுக்கு, உப்புக் காற்றுக்கு இரும்பில் தடவும் எண்ணெய் மணந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், ஆனால் உன் சிரிப்பு எனக்குக் கேட்காது.

இரண்டுமே வயிறு கூடான, அதாவது உள்ளே வெற்றிடம் விட்ட மின்சாரக் கிட்டார்கள். வம்பே அந்த வயிற்றில்தான். கூடு இருந்தால் சத்தத்தில் ஒரு ஈரம் இருக்கும். அதே கூடு, ஒலிபெருக்கியிலிருந்து வரும் தன் சத்தத்தைத் தானே விழுங்கி ஊளையிடவும் செய்யும். என்னுடையது இந்தக் காலத்துச் சரக்கு. பார்க்கத்தான் கூடு, உள்ளே நடுவில் நெடுக ஒரு மரக்கட்டை. கட்டை அதிர்வை அடக்கிவிடும், எவ்வளவு பெரிய ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றாலும் வாயைத் திறக்காது. உன்னுடையதில் கட்டையே கிடையாது. துறைமுகத்தில் நீ கிளியரிங் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கப்பல் சமையல்காரன் ஒருவனிடம் உன் கைக்கடிகாரத்தையும் ஒரு பெட்டி முந்திரி மக்ரூனையும் கொடுத்து மாற்றிக்கொண்டது. உள்ளே ஒட்டியிருந்த சீட்டு கிழிந்துபோனதால், அது எந்த நாட்டில் செய்தது என்பதில் ஊரில் இரண்டு கட்சிகள் இருந்தன. இரண்டுக்கும் நீயே தலைவர்.

ஆரம்பத்தில் அதுவும் ஊளையிட்டது. திருவிழா மேடையில் பங்குச் சாமியார் அமைதியைப் பற்றிப் பேசும்போது, உன் மடியில் சும்மா கிடந்த கிட்டார் எழுப்பிய சத்தத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னையே பார்த்தார். அதற்குப் பிறகு திடீரென்று அது அடங்கிவிட்டது. எங்கே வாசித்தாலும் ஊளை இல்லை. காரணம் கேட்டேன்.

"மரம் பழுத்துட்டுல," என்றாய். "நம்ம ஊரு உப்புக் காத்துலா. உள்ள கெடந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிட்டு. இப்ப அதுக்கு ஒரு நிதானம் வந்துட்டு."

"என் கிட்டாரும் இதே காத்துலதான கெடக்கு?"

"ஏலே, உன்னுது கிட்டாராலே? கதவுலா அது. வயித்துக்குள்ள கட்டையத் திணிச்சு வச்சிருக்கான். வாயில துணிய அடைச்சிட்டுப் பாடச் சொன்ன மாதிரி."

முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் சொன்னாய். நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் படித்தேன். மரத்தின் முதிர்ச்சி, மெருகுப் பூச்சில் விழும் வெடிப்பு, கடற்கரை ஈரப்பதம் என்று அலசி ஒரு கட்டுரை எழுதி, நான் பாடம் நடத்திய கல்லூரியின் ஆண்டு மலரில் வெளியிட்டேன். நீ அதைக் கத்தரித்து, சட்டம் போட்டு, வீட்டின் முன்னறையில் மாட்டினாய். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

உன் மெட்டு நினைவிருக்கும். நம் தெருப் பெண் எவள் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் நீ அதைத்தான் வாசிப்பாய். சொற்கள் கிடையாது, நீயே கட்டியது. கீழேயே கொஞ்ச நேரம் உலாவிவிட்டு, மேலே ஏறி, ஒற்றைச் சுரத்தில் நின்றுவிடும். பெண் மேடைப் படியேறி முடிக்கும்வரை அந்தச் சுரம் நிற்க வேண்டும். கூடான கிட்டாருக்கு அதுதான் பரீட்சை. ஊளை கிளம்பினால் அங்கேதான் கிளம்பும்.

வரவேற்புக்கு முந்தின வாரம் ஜெனி என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, அப்பா கிட்டார்லதான் வாசிக்கணும். உங்க புதுசு வேண்டாம்."

"ஏளா, உங்கப்பா போனதுல இருந்து அதை யாரும் தொடல, ஒரு வருசம் ஆச்சு. புதுசுன்னா பயமில்ல."

"எல்லா அக்காமாரு பின்னாலயும் நான் பூத்தட்டு தூக்கிட்டு வந்திருக்கேன். அப்பா அதுலதான் வாசிச்சாவ. அது முடியாதுன்னா பாட்டே வேண்டாம். நான் சும்மா நடந்து வாரேன்."

ஜெனியின் அம்மாவுக்கு, என் மைனிக்கு, இதில் விருப்பமில்லை. "பழசு தம்பி. நாலு பேருக்கு முன்னால கத்திட்டுன்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாவ?" என்றார். ஆனாலும் மகள் பேச்சைத் தட்டாமல், கிட்டாரை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்துவிட்டார். அது கைக்கு வந்த பிறகுதான் என் சனிக்கிழமை விசாரணை. எப்படித் துடைத்தார் என்று நான் கேட்கவில்லை.

மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்திருந்த ஒலிபெருக்கிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று என் புதுசையும் கொண்டுபோய்ச் சுவரோரம் சாத்தியிருந்தேன். புதிய கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, முதல் சுரத்தைத் தொட்டதுதான் தாமதம், கிட்டார் ஊளையிட்டது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். சவுண்ட் சர்வீஸ்காரன் ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, உள்ள நாய் ஏதும் கெடக்கா?"

"பழுத்த மரம்ப்பா," என்றேன்.

"அங்கன சுவத்தோரமா நிக்குல்லா புதுசு, அதை எடுங்க அண்ணாச்சி. பொண்ணு வார நேரம்."

நீ நிற்பதுபோல் ஒருக்களித்து நின்று பார்த்தேன். மேடையின் அடுத்த ஓரத்துக்குப் போனேன். சத்தத்தைக் குறைத்தால் கிட்டார் கேட்கவில்லை, கூட்டினால் ஊளை. நான் எழுதிய கட்டுரையின் ஒவ்வொரு பத்தியாக நினைவுபடுத்திப் பார்த்தேன். எந்தப் பத்தியும் உதவவில்லை. வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜெனி வந்து பின்னறைக்குள் போய்விட்டாள். புதுக் கிட்டாரின் வாரைத் தோளில் மாட்டினேன். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் என் தோளைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு கையை மட்டும் அசைத்தாள். பிறகு கண்ணாடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாரைக் கழற்றினேன். அப்போதுதான் மைனி மேடைக்கு வந்தார்.

"என்ன தம்பி?"

"கத்துது மைனி. அண்ணன் கையில ஒரு நாளும் கத்துனதில்லையே. எனக்கு ஒண்ணும் விளங்கல."

மைனி கிட்டாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அதுக்குள்ள ஒரு சாரம் கெடந்துச்சு," என்றார்.

"என்னது?"

"உங்க அண்ணன் வீட்டுல கைலியா உடுத்துன சாரம். நீலக் கட்டம் போட்டது. துடைக்கும்போது மேல இருக்க ஓட்டையில ஒரு நுனி தெரிஞ்சுது. இழுத்தேன், வந்துக்கிட்டே இருந்துச்சு. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல நான் எடுத்துக் கொடுத்தது தம்பி. காணலன்னு எங்கெல்லாம் தேடுனேன்! பக்கத்து வீட்டுக்காரிதான் கொடியில இருந்து உருவிட்டான்னு இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட நான் பேசுறதில்ல."

என் கிட்டாருக்குள் கட்டை. உன் கிட்டாருக்குள் சாரம். முன்னறைச் சுவரில் சட்டத்துக்குள் என் கட்டுரை. அந்த இடத்தில் நின்று நான் உன்னைத் திட்டிய வார்த்தைகளை இந்த மடலில் எழுத முடியாது.

"அது இப்ப எங்க மைனி? வீட்டுலயா?"

மைனி கைப்பையைத் திறந்தார். முகூர்த்தப் பட்டுச் சேலை சுற்றிவந்த தாளுக்குள் நாலாக மடித்து அது இருந்தது.

"தொவைக்கல தம்பி," என்றார். "மணம் இன்னும் இருக்கு. இன்னைக்கு இதாவது கூட வரட்டும்னு எடுத்துட்டு வந்தேன்."

நான் கை நீட்டவில்லை. கேட்கவும் இல்லை. பின்னறை வாசலில் ஆட்கள் பூ தூவத் தயாராக நின்றார்கள். மைனி பின்னறைக் கதவைப் பார்த்தார். பிறகு சாரத்தை உதறி, ஒரு நுனியைக் கிட்டாரின் ஓட்டைக்குள் விட்டார். ஜெனிக்கு அலங்காரம் செய்த பெண்ணிடம் வால்சீப்பை வாங்கி, அதன் நீளக் காம்பால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே குத்தித் தள்ளினார். பாதியில் துணி சிக்கியது. நான் கிட்டாரின் வயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்.

"அண்ணாச்சி, சாரத்தையா உள்ள போடுதிய?" என்றான் சவுண்ட் சர்வீஸ்காரன்.

"நீ உன் சோலியப் பாரு," என்றார் மைனி.

கதவு திறந்தது. வாசித்தேன். கீழ்ப் பாதி நல்லபடியாகக் கடந்தது. மேலே ஏறி அந்தச் சுரத்தில் நின்றேன். ஜெனி படியில் காலை வைத்தாள். வைத்தவள் மேலே ஏறவில்லை. அங்கேயே நின்று கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுரம் நின்றாக வேண்டும். அடியில் ஒரு உறுமல் கிளம்புவது என் விலா எலும்பில் தெரிந்தது. சவுண்ட் சர்வீஸ்காரனின் விரல் சத்தத்தைக் குறைக்கும் திருகியின் மேல் இருந்தது. கிட்டாரின் வயிற்றை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். உறுமல் கூடுவதுபோல் இருந்தது. "ஏறுளா," என்று பல்லிடுக்கில் சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்காது. மாப்பிள்ளை கை நீட்டினான். அவள் பட்டுச் சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஏறினாள். கம்பியை உள்ளங்கையால் அமர்த்தினேன். மண்டபத்தில் கைதட்டல் மட்டும்தான் கேட்டது.

மேடையிலிருந்து இறங்கும்போது ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "பழைய மரத்துக்கு உள்ள மதிப்பே தனிதான் சார்," என்றார். ஆமாம் என்றேன். உன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாயோ அப்படியே என் முகத்தை வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் அது எனக்கு நன்றாக வருகிறது.

சாப்பாடு முடிந்ததும் மைனி வந்து சாரத்தைத் திரும்பக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை தருவைகுளத்தில் ஒரு கல்யாணம். புதுக் கிட்டாரைக் கொண்டுபோகிறேன்.