பூ முடியும்வரை அடக்காதே

ஆரணி

அன்புள்ள அகல்யா,

இங்கே நானும் உன் தம்பி தீனாவும் சுகம், அப்பாவும் இப்போது பரவாயில்லை. நீ சுகமென்று நானாகவே எழுதிக்கொள்ள மனம் வரவில்லை, நீ சொன்னால்தான் நம்புவேன். போனில் பேசினால் பக்கத்துக் கட்டில் பெண்களுக்குக் கேட்கும் என்று "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தப் பார்சலோடு கடிதம். போன வாரமே எழுதியிருக்க வேண்டியது, அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துப்போய் வந்ததில் தள்ளிப்போய்விட்டது.

அப்பாவுக்கு இடது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் சின்னதாக ஒரு கல். உனக்குத் தெரியுமே, புடவையில் ஒரு பூ ஓடிக்கொண்டிருந்தால் தறியைவிட்டு எழமாட்டார், எழுந்து போய்வந்து நெய்தால் இழையை அடிக்கும் அழுத்தம் மாறிக் குறுக்கே கோடு விழும் என்பார். "இந்தப் பூ முடியட்டும், போய்க்கினு வரேன்" என்று சிறுநீரை அடக்குவார், எழவே வேண்டாமென்று தண்ணீரும் குடிக்கமாட்டார். புனே தொழிற்சாலையில் நீயும் அதையே செய்கிறாய். மாற்று ஆள் வந்தால்தான் லைனைவிட்டு நகர முடியும், அதனால் ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்று நீயே சொன்னாய். அப்புறம் எரிச்சல், காய்ச்சல், ரூம்மேட் கொடுத்த ஏதோ மாத்திரை இரண்டு. கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

நான் படித்த விலங்கியல் இதற்காவது உதவட்டும். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுவது, போகிக்கு நாம் அலமாரியைக் காலி செய்வதுபோல. முதலில் தண்ணீர், உப்பு, சர்க்கரை என்று நிறைய வெளியே எடுத்துப்போடும், அப்புறம் உடம்புக்கு வேண்டியதைப் பொறுக்கித் திரும்ப உள்ளே வைக்கும். மிஞ்சின கழிவுதான் சொட்டுச்சொட்டாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. நீ தண்ணீர் குடிக்காவிட்டால் அது கெட்டியாகும், மஞ்சள் அடர்ந்துபோகும், கரையாத உப்பு கல்லாகும். பை நிறைந்ததும் மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது, நீ அடக்க அடக்க உள்ளே புகுந்த கிருமி அங்கேயே பெருகுகிறது. பெண்களுக்கு வெளியே வரும் பாதை குட்டை, கிருமி சுலபமாக ஏறிவிடும். பையோடு நிற்காமல் சிறுநீரகத்துக்கே ஏறினால்தான் குளிர்காய்ச்சலும் விலாவுக்குக் கீழே முதுகுவலியும். உனக்கு முதுகு வலிக்கிறதா என்று கேட்டதற்கும் "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, இது கிடைத்த மறுநாளே டாக்டரிடம் போ, சிறுநீர்ப் பரிசோதனை கொடு, அவர் எழுதித்தரும் மாத்திரையை எரிச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தாதே.

அப்பா இப்போது தண்ணீர் பாட்டிலைத் தறியிலிருந்து தள்ளி ஜன்னலில் வைத்திருக்கிறார், பட்டில் தண்ணீர் தெறிக்கக்கூடாதல்லவா, குடிப்பதற்கே எழுந்தாக வேண்டும். முடித்த புடவையைப் பார்த்துவிட்டு முதலாளி பச்சையப்பன், "இன்னா கமலக்கண்ணா, பூ நடுவுல கோடு விழுந்துகினு கீது" என்றாராம். "நான் தண்ணி குடிக்க எழுந்த கோடுங்க அது" என்றாராம் அப்பா. வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார், ஆனால் அன்று சோறு சரியாக இறங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் புடவையில் யாரும் கோடு காட்டியதில்லை. மறுநாளும் பூ பாதியில் இருக்கும்போதே எழுந்து போனார். அவரே எழுந்துவிட்டார் அகல்யா, நீயும் கை தூக்கி ஆளைக் கூப்பிட்டுவிட்டு எழுந்து போ.

எல்லைத் தெய்வமெல்லாம் உனக்குத் துணையிருக்கட்டும், உடம்பு தேறி நன்றாயிரு. பார்சலில் பெரிய ஸ்டீல் பாட்டில் இருக்கிறது. பரிசோதனை ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, அதுவரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன் அம்மா,
கீதா