உன் கிரிக்கெட் ஓடுகிறது, மச்சான்

மச்சான்,

உன் கசட்டைப் போட்டால் முதலில் ஒரு நீள விசில் வருகிறது. பிறகு தகரத்தில் ஆணியால் கீறுவது போன்ற சத்தம். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்று உனக்குத் தெரியும். குசினிக்குள் இருந்து என் மனுசி கத்தினாள்: "இஞ்சேருங்கோ, கீழ்வீட்டு ஆக்கள் பொலிசுக்குச் சொல்லப்போகினம்! செத்த மனுசன்ட சாமானையாவது நிம்மதியா இருக்க விடுங்கோவன்."

நான் விடவில்லை. அந்தக் கீறல் சத்தம்தான் நீ எழுதிய கிரிக்கெட். கம்ப்யூட்டர் விளையாட்டைக் கசட்டில் பதிந்து வைத்த காலம் ஒன்று இருந்தது என்றால் என் மகள் இன்றும் நம்புவதில்லை. உன் கையால் செய்தது என்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான். நீ இருந்தபோது ஓடியமாதிரி ஒருக்காவது இதை ஓட வைத்துவிட வேண்டும் என்பதுதான் என் விசர்.

எமுலேட்டர் என்று பெயர். இன்றைய லெப்டொப்பைப் பிடித்து, 'நீதான் எங்கள் பழைய கம்ப்யூட்டர்' என்று நம்பவைக்கும் ஒரு புரோகிராம். ஓ.எல். சோதனைக் கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டவன், ஐம்பது தாண்டிய பிறகு இதைச் செய்யப் புறப்பட்டேன். மகள் சொல்லித் தந்தாள். பாதியை விளங்கிக்கொண்டு எழுதினேன், மீதியைக் கடவுளைக் கும்பிட்டு எழுதினேன். வருஷக்கணக்காகத் திரையில் வெள்ளைப் புள்ளி மழை மட்டுந்தான் பெய்தது. உன்னிடம் கசட்டைக் கேட்டால், "முதல்ல மெஷினைச் செய்யடா. பிள்ளை பெற முதல் பேர் வைக்கிற ஆள் நீ" என்பாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் நீ கேட்டது அதைத்தான்.

"மழை விட்டுட்டா?"

"இன்னும் இல்ல மச்சான்."

"அவசரமில்ல. நான் எங்க போகப்போறன்?"

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். நானும் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கொட்டாஞ்சேனை வீட்டில் சாப்பிட்டுக் கிளம்பும்போது உன் மனைவி அலுமாரியைத் திறந்து கசட்டை எடுத்துத் தந்தார். "இது உங்களுக்குத்தான் அண்ணா. வேற ஒருத்தருக்கும் இதில பிரயோசனம் இல்லையெண்டு சொன்னவர்."

அதே வீடுதானே. உன் மாமா லண்டனில் இருந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த காலத்தில், ஞாயிறு தவறாமல் மட்டக்குளி பஸ் ஏறி வந்துவிடுவேன். நீ கோயிலால் வந்து சேர்ட்டைக்கூட மாற்றாமல் அதை டிவியில் கொழுவுவாய். ஒருநாள் கரண்ட் போய், திரும்பி வந்த வேகத்தில் அதன் ஞாபகத்தில் ஒரு மூலை கருகிப்போனது. அந்த மூலையில் எந்த எண்ணை வைத்தாலும், எடுக்கும்போது வேறு ஏதோ ஒன்று வரும். புறக்கோட்டையில் காட்டினோம், திருத்த ஏலாது என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. நீ பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம்தானே மச்சான் செத்தது. மிச்சத்தில சீவிக்கலாம்" என்றாய்.

அதோடு விட்டாயா? அந்தச் செத்த மூலைக்கும் ஒரு வேலை கொடுத்தாய். நீ எழுதிய கிரிக்கெட்டில் பந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று தீர்மானித்தது அந்த மூலைதான். அது என்ன எண்ணை உளறுகிறதோ அதன்படி பந்து திரும்பும். மெஷின் சூடேற ஏற இடப்பக்கம் கூடுதலாகப் போகும். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல நீ அதன் முதுகில் உள்ளங்கையை வைப்பாய். "டேய், நேர்ப் பந்து வருமெண்டு பாத்துக்கொண்டு நிக்காத. இது கொட்டாஞ்சேனைப் பிட்ச்!" நீ வாய் மூட முதல் என் விக்கெட் போயிருக்கும்.

பிறகு அந்த மிச்சமும் செத்தது. பெட்டியைத் தூக்கிப் போட்டோம்.

போன கிழமை மழை விட்டது, மச்சான். திரையில் உன் மைதானம் வந்தது, மூன்று விக்கெட் வந்தது, கோணல் காலோடு நீ கீறிய பந்துவீச்சாளன் ஓடி வந்தான். நான் மகளைக் கூப்பிட்ட சத்தத்தில் மனுசியும் கரண்டியோடு ஓடி வந்தாள். பந்து நேரே வந்தது. அடுத்ததும் நேரே. அதற்கடுத்ததும் நேரே. நான் செய்த மெஷினில் செத்த மூலை இல்லை. அந்த இடத்தைக் கேட்டால் ஒழுங்காகப் பூச்சியம் என்கிறது. ஆயுளில் ஒரு வேலையைப் பிழையில்லாமல் செய்தேன், அது இப்படி.

"அதுக்கென்னப்பா? ரண்டமா ஏதோ ஒரு நம்பர் வரவிடுங்கோ. ஒரு வரிதானே" என்றாள் மகள்.

போட்டேன். பந்து திரும்பியது. முதல் பந்திலேயே நான் அவுட். "ஆ, வந்துட்டு!" என்று அவள் கை தட்டினாள்.

வரவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவன் போட்ட பந்து அது. எவ்வளவு சூட்டில் எவ்வளவு திரும்பும், இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது எப்போது வலப்பக்கம் வெட்டும் என்பதெல்லாம் உன் உள்ளங்கைக்குத்தான் தெரியும். உன்னிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. போனை எடுத்து உன் நம்பர் வரைக்கும் போய்விட்டேன்.

அந்த வரியை அழித்தேன்.

"ஏனப்பா? நல்லாத்தானே இருந்தது."

"அவன் இப்பிடிப் போடமாட்டான்."

அவள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். இனி அது ஒருபோதும் சரிவராது என்பது அந்தத் தேத்தண்ணி ஆறும்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதும் வேலையால் வந்ததும் அதன் முன்னால்தான் குந்துகிறேன். பந்து நேரே வருகிறது, யாரும் அடிக்கலாம். மகள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறாள். மனுசிகூட அடித்துவிட்டாள், கரண்டியைக் கீழே வைக்காமலே. எனக்குத்தான் முடியவில்லை. பந்து நிலத்தில் குத்தியதும் என் விரல் தன்பாட்டில் இடப்பக்கப் பட்டனுக்குப் போய்விடுகிறது. அது நேரே வந்து நடு விக்கெட்டைத் தட்டிவிட்டுப் போகிறது. ஒவ்வொரு தரமும்.