நல்லா இருக்கேன்

சட்டம் படிக்காத என் வக்கீலம்மாவுக்கு,

இதுவரை உன்னிடம் மறைத்த ஒரு வெட்கக்கேடு: சோதனைக்கு வந்த அதிகாரிக்கு முன்னால் ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கேங்க" என்று பல்லை இளித்தவன் உன் அப்பன். அதை எழுதிக்கொண்டு போய்த்தான் ஊனமுற்றோர் உதவித்தொகையை நிறுத்தினார்கள். வாங்கியதையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். வீட்டை விற்க வேண்டியதுதான் என்று நான் இடிந்து உட்கார்ந்தேன். நீ மேல்முறையீடு செய்தாய்.

நேற்று விசாரணையில் நீ பேசியது இன்னும் காதிலேயே இருக்கிறது.

"மெஷின்ல கால் நசுங்கி ஸ்ட்ரெச்சர்ல போறப்பவே, நர்ஸுகிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னவருங்க எங்கப்பா. அவர் வாயை நம்பாதீங்க, காலைப் பாருங்க."

உன் குரல் நடுங்கவே இல்லை.

விசாரணைக் குழுவின் தலைவரம்மா என் பக்கம் திரும்பி, "இப்ப எப்படி இருக்கீங்க?" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "நல்லா இருக்கேங்க!" அறையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே உதவித்தொகையை நிறுத்திய உத்தரவை ரத்து செய்தார். என் உளறலால்தான் ஜெயித்தோம் என்று எல்லாரிடமும் அளக்கிறேன். ஜெயித்தது நீ.

பஸ் ஏறும்போது, "கால் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். வழக்கம்போல, "நல்லா இருக்கும்மா" என்றேன்.

ரொம்ப வலிக்குதும்மா.

உன் அப்பா