புகைவீட்டில் காய்ந்த லேப்டாப்

அண்ணி,

இன்று காலை எஹலியகொடயில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் என் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினார்கள். கடைசித் திருகாணி வந்து மூடி மேலே எழும்பியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். ரப்பர் ஷீட்டும் விறகுப் புகையும் கலந்த அந்த வாடை. வேலை முடிந்து வந்து வாசலில் கால் கழுவும்போது உங்கள் சேலையில் இருந்து வருமே, அதேதான். ஏசி போட்ட கடைக்குள் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது.

கடைக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "மேக்க கினி கத்தத, மிஸ்?" என்றார். தீப்பிடித்ததா என்று கேட்கிறார். எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். "நான் பழசாகத்தான் வாங்கினேன், முன்னால் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்களோ" என்று என் வாய் தானாகச் சிங்களத்தில் சொல்லிற்று. பழசாக வாங்கியது உண்மை. மற்றது பொய். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, நான் இன்னும் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

யட்டியாந்தோட்டைப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அண்ணன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனபின் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் நாம் இருவரும்தான். நீங்கள் விடிந்ததும் ரப்பர் ஸ்டோருக்குப் போவீர்கள். நான் கட்டட வரைபடம் போடும் கம்பனிக்காக வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்வேன். இன்ஜினியர்கள் வைத்திருக்கிற வகை லேப்டாப், செங்கல் மாதிரி கனம். அதை மேசையில் வைத்துவிட்டு நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் கூரைத் தகரம் ஒழுகி, கீபோர்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. பெட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன்.

"ஏன் புள்ள அழுவுற? குடு இங்க," என்றீர்கள்.

"அண்ணி, தொடாதீங்க. உள்ளுக்குத் தண்ணி போயிருச்சு."

"தண்ணியாட்டம் இருக்குற ரப்பர் பாலையே ஷீட்டா காயவைக்கிறோம். இந்தப் பொட்டி காயாதா?"

வேறு ஊர்க்காரர்கள் அரிசிக்குள் புதைத்திருப்பார்கள். நீங்கள் பழைய சேலையில் சுற்றி, ஸ்டோர் கணக்கப்பிள்ளை கண்ணில் படாமல் ஷீட் காயும் புகைவீட்டுக்குள் கொண்டுபோனீர்கள். மேல் கம்பில், ஷீட்டுகளுக்கு நடுவே வைத்தீர்கள். கீழே ரப்பர் விறகு கனன்றுகொண்டிருந்தது. நம்மவர்களுக்கு ஈரமான எதைக் கண்டாலும் புகைவீட்டு ஞாபகம்தான். பள்ளிக்கூடச் சப்பாத்து கூட அங்கேதான் காயும். எனக்கும் அது தப்பென்று தோன்றவில்லை, தோன்றியிருந்தால் தடுத்திருப்பேன். நீங்கள் அதை இறக்கிக்கொண்டு வந்த அன்று பெட்டரியைப் போட்டு அழுத்தினேன். திரையில் வெளிச்சம் வந்தது. நீங்கள் என் கன்னத்தைக் கிள்ளினீர்கள், உங்கள் விரலில் கரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தலைவலி தொடங்கியது. பெரிய படம் எதையாவது திறந்தால் ஃபேன் கத்தும். சூடு ஏற ஏற வாடை கிளம்பும். கொழும்பு ஆபீஸில் ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறப்பார், இன்னொருவர் தன் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்ப்பார். நானும் குனிந்து என் செருப்பைப் பார்ப்பேன். நடிப்பில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம்.

நீங்களோ நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஆபீஸ்ல நம்ம பொட்டியப் பாத்து என்ன சொன்னாங்க?" என்பீர்கள். நல்லது என்றார்கள் என்பேன்.

பிறகு அந்த வீடியோ மீட்டிங். வீட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்தேன். என் படம் நடுநடுவே நின்று நின்று வந்தது. எங்கள் ஆபீஸ் பெரியவர், சேர், சிங்களத்தில், "உங்கள் மிஷினுக்கு என்னதான் வருத்தம்?" என்று கேட்டார். நான் இண்டர்நெட் மேல் பழியைப் போடுவதற்குள், தேத்தண்ணி கொண்டுவந்த நீங்கள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தீர்கள். சாக்குக் கட்டிய இடுப்பு, தலையில் துணி, வெற்றிலைச் சிரிப்பு.

"மேக்க துமே வேலுவே மம தமய், சேர்!"

இதைப் புகையில் காயவைத்தது நான்தான் சேர் என்று அத்தனை பெருமையாகச் சொன்னீர்கள். திரை முழுக்கச் சிரித்தது. சேர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் காமிராவை அணைத்துவிட்டேன். காது இரண்டும் எரிந்தன. அன்று முழுக்க உங்களோடு பேசவில்லை.

நீங்கள் அதைக் கோபம் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேலை கூடிப்போயிற்று என்று நினைத்து ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தீர்கள். "சேர் எவ்ளோ சந்தோசமா சிரிச்சாரு, பாத்தியா?" என்றீர்கள். ஆமாம் என்றேன். மனதுக்குள், உங்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நல்லவேளை, சத்தமாகச் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு எலிக்காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பொட்டி நல்லா ஓடுதா என்றுதான் கேட்டீர்கள்.

ஓடவில்லை அண்ணி. இப்போது ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் முப்பரிமாணப் படம் என் கையில் இருக்கிறது. கூரையைத் திருப்பினாலே லேப்டாப் அணைந்துவிடும். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுப்பதாக சேர் சொல்லிவிட்டார். ரேம் போதாது என்று நினைத்து நானே புதிதாக வாங்கிப் போட்டேன். அப்படியும் அணைந்தது. வேறு வழியில்லாமல்தான் இந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கடைக்காரர் ஃபேனைக் கழற்றி என் முன்னால் வைத்தார். இதழெல்லாம் தார் பூசியதுபோல் கறுப்பு. சூட்டை வெளியே தள்ளும் செம்புத் தகட்டின் இடுக்குகளும் அடைந்து கிடந்தன. மூச்சு விட வழியில்லாத மிஷினுக்கு எத்தனை ரேம் போட்டும் பிரயோசனமில்லை என்றார். தண்ணீர் எப்படியும் காய்ந்திருக்கும், கெடுத்தது புகைதான் என்றும் சொன்னார். ஃபேனும் தகடும் புதிது போட்டார், பேஸ்ட் தடவினார், பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புது எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பூட்டினார். பள்ளிக்கூடத்தைத் திறந்து கூரையைச் சுழற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் சுழன்றது. குனிந்து மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, இனி ஆபீஸில் யாரும் ஜன்னல் திறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்த கையோடு, உங்கள் முகத்தில் விழிக்க முடியாத மாதிரி ஒரு வெட்கம் வந்தது. பழைய ஃபேன் குப்பை வாளியில் பெட்டிக்குள் வந்த வெள்ளை ரெஜிஃபோம் துண்டுகளுக்கு மேலே கிடந்தது.

அதைத் தரச் சொன்னேன்.

"இது எதற்கு மிஸ்? வேலைக்கு ஆகாது," என்றார். பின்னால் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். வேறொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, உங்கள் வாக்கியத்தையே எடுத்துச் சொன்னேன். "மேக்க துமே வேலுவே மகே நேனா." இதைப் புகையில் காயவைத்தது என் அண்ணி. குரல் எனக்கே கேட்கவில்லை. "மொகத?" என்று திரும்பக் கேட்டார். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லவேண்டி வந்தது.

ரப்பர் புகைவீட்டிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு சிரித்தார், அண்ணி. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. தன் அம்மா நனைந்த ரேடியோவை அடுப்புப் பரணில் வைத்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் பயந்த இளக்காரம் எந்த முகத்திலும் இல்லை.

ஃபேனை ஒரு ஷாப்பிங் பையில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுருக்கினார். என் கை அதன்பாட்டுக்குப் பையின் வாயை இறுக்கிப் பிடித்தது. இந்தப் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது போலிருக்கிறது.

திங்கட்கிழமை ஃபேனை ஆபீஸ் மேசையில் வைக்கப்போகிறேன். சேர் என்ன இது என்று கேட்பார். எனக்குக் காது எரியும். அப்படியே சொல்லிவிடுகிறேன் அண்ணி. அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி, அவர் சந்தோசமாகத்தான் சிரித்தார்.