கிடைக்காத வேலைக்குக் கொடுத்த நன்றிப் பூசை

விடத்தல்தீவு,
ஒக்டோபர் 20.

அன்பு மகள் சுவேதினிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழும்பி நடமாடுகிறோம், அதற்கு மேல் சுகம் கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது, நீயும் கொழும்பில் வேளைக்குச் சாப்பிட்டுத் தலையிடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் செபமாலையில் கேட்கிறேன். போனில் கதைக்கிற பிள்ளைக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நீ அழத் தொடங்குகிறாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். போன கிழமையும் அதுதான் நடந்தது. அடுத்த தெரு நசீறாவின் மகன் நிப்ராஸ், தன் தங்கை ஷப்னாவின் கலியாணத்துக்கு வந்து நின்றவன், நாளைக்குக் கொழும்பு பஸ் ஏறுகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பையில் கருவாடும் பனங்கட்டியும் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டை அறையில் திறந்து வைக்காதே, வீட்டுக்கார அம்மா அதற்கும் ஒரு சண்டை பிடிப்பா.

இங்கே மழை பிடித்துவிட்டது. கடல் கலங்கிப்போய்க் கிடக்கிறது, நண்டு வலையைத் தூக்கினால் பாசிதான் கூட வருகிறது, அதைக் கழற்றுவதற்குள் அப்பாவுக்கு முழங்கால் நோவும் எனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பும் வந்துவிடுகிறது. குசினிக் கூரை போன வருடம் ஒழுகிய அதே இடத்தில் ஒழுகுகிறது, போன வருடம் வைத்த அதே வாளியைத்தான் வைத்திருக்கிறேன். கலியாண வீட்டில் வெங்காயம் உரித்த கை இன்னும் மணக்கிறது. ஷப்னா நல்ல வடிவாக இருந்தாள், உன்னைக் கேட்டாள். நீ வராததற்கு வேலை என்று நான் சொல்லவில்லை, அதற்கான காரணத்தைத்தான் இனி எழுதப் போகிறேன், அழாமல் முழுவதையும் வாசி.

நீ அன்று போனில் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. அந்தக் கம்பெனியும் உன்னை எடுக்கவில்லை, இனி உன்னால் ஏலாது, டேட்டா அனலிஸ்ட்டும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், வலன்ரைன் மாமா மீனவர் சங்கக் கந்தோரில் உனக்கென்று வைத்திருக்கிற கிளாக் வேலைக்கே வருகிறேன், மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன், மாமாவிடம் சொல்லிவிடுங்கள் என்றாய். நான் ஓம் பிள்ளை என்றேன். மகள், அந்த வேலை இப்போது இல்லை. அந்தக் கதிரையில் றஞ்சிதா இருக்கிறாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு குஞ்சுகளோடு நிற்கிறாளே, அந்த றஞ்சிதாதான். அவளை எழும்பச் சொல்ல எனக்கு வாய் வராது, வந்தாலும் சொல்ல மாட்டேன்.

இது எப்படி நடந்தது என்றால் உன் அப்பாவால் நடந்தது. நீ முதல் நேர்முகத்தில் தெரிவாகியிருக்கிறேன், இன்னும் ஒரு சுற்று இருக்கிறது என்று தெளிவாகத்தான் சொன்னாய், அவருக்கும் நன்றாகத்தான் விளங்கியது. விளங்கியும் என்ன, அந்த மனுசனின் பொறுமை உனக்குத் தெரியாததா. எஞ்சின் திருத்துகிறவனுக்கு முதலே தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்து, இனி எப்படி ஏமாற்றுவான் பார்ப்போம் என்கிற ஆள். மாதாவிடமும் அதே வித்தையைக் காட்டியிருக்கிறார். எனக்குக் கூடச் சொல்லாமல் பங்குச் சுவாமியிடம் போய் நன்றிப் பூசைக்குக் காசு கொடுத்துவிட்டார். நான் வழக்கம்போல ஞாயிறு பூசைக்குப் போய் இருக்கிறேன், சுவாமி பீடத்தில் நின்று வாசிக்கிறார், மகள் சுவேதினி தரவுப் பகுப்பாய்வாளராக உத்தியோகம் பெற்றதற்கு நன்றியாகப் பேதுரு குடும்பத்தினர் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி என்று. எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால் உன் அப்பா கோயில் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வெளியில் வந்து கேட்டேன். முதலே நன்றி சொல்லிப்போட்டா மாதா என்னெண்டு எங்களைக் கைவிடுவா எண்டு நினைச்சனான் என்றார். எருமை வாங்கும் முன்னே நெய் விலை பேசாதே என்பார்கள், இந்த மனுசன் நெய்யை விற்றே முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு வீடாகவா இருந்தது. வாழைப்பழச் சீப்போடு வருகிறவர்கள், தோளில் தட்டுகிறவர்கள், அந்த நீண்ட பெயரைக் கேட்டுவிட்டு ஆளுக்கு ஒரு விளக்கம் வேறு. பகுப்பாய்வு என்றதும் பாதிப்பேர் நீ ஆசுப்பத்திரியில் இரத்தம் பார்க்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டார்கள், தன்னுடைய சீனி வருத்தத்துக்கு எந்த மருந்து நல்லது என்று உன்னிடம் கேட்கச் சொல்லி ஒரு கிழவர் என்னை மறித்துவைத்தார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். வலன்ரைன் அண்ணையும் பூசையில் இருந்தார். சங்கத் தலைவர் என்றால் அவருக்கும் நாலு பேர் நெருக்குதல் இருக்கும்தானே, உனக்காகத்தான் அவ்வளவு காலம் அந்த இடத்தை நிரப்பாமல் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவர். பிள்ளைக்குக் கொழும்பிலயே கிடைச்சிட்டுது, இனி ஏன் இந்தக் கதிரையைச் சும்மா வைச்சிருக்கவேணும் என்று அடுத்த நாளே றஞ்சிதாவைக் கூப்பிட்டுவிட்டார். அவள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, உங்கட பிள்ளை விட்டுத் தந்த இடம் அன்ரி, அவள் நல்லா இருக்கவேணும் என்று சொல்லி என் கையைப் பிடித்து அழுதாள். அப்போது நீ இரண்டாம் சுற்றுக்குப் போகக்கூட இல்லை.

பிறகு உன் போன் வந்தது. நான் அப்பாவிடம் சொன்னேன், ஏசவும் செய்தேன், பாதியிலேயே விட்டுவிட்டேன், ஏசவும் ஒரு தெம்பு வேண்டுமே. அவர் குனிந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சிக்கே இல்லாத வலை மகள்.

இனி உன் வேலைக் கதைக்கு வருகிறேன். எனக்குத் தெரியாத விஷயம் என்பதால் நிப்ராஸைக் கலியாண வேலைக்கு நடுவிலும் பிடித்து இருத்திக் கேட்டேன். அவன் கொழும்பில் இதே வேலைதானே செய்கிறான், இந்தப் பிள்ளை எங்கே பிழை விடுகிறாள் என்று கேட்டேன். பிழை இல்லை அன்ரி என்றான். இந்த வேலைக்கு முன்வாசலால ஒருத்தரும் போறேல்ல, நான் முதல் இருந்தது ஒரு உடுப்புக் கம்பெனி ஸ்டோர்ஸில, சாமான் வாறதையும் போறதையும் கொம்பியூட்டரில அடிக்கிறதுதான் வேலை, எந்தச் சாமான் தேங்குது ஏன் தேங்குது எண்டு நானாப் பாத்து ஒரு படம் கீறி மனேஜருக்குக் காட்டினன், அதுக்குப் பிறகுதான் இந்தப் பிரிவுக்கு எடுத்தவங்கள் என்றான். எக்செல், எஸ்கியூஎல், பவர் பீஐ என்று சில பெயர் சொன்னான், அதெல்லாம் படித்துவிட்டாள் என்றேன், அப்ப படிச்சது காணும், இனியும் கோர்ஸ் கோர்ஸ் எண்டு சேர்ட்டிபிக்கட் சேர்க்க வேண்டாம், கையில இருக்கிறதை வைச்சு ஒரு வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கோ என்றான். நீ இணையத்தில் போட்டிருக்கிறவற்றைத் தன் போனில் திறந்து பார்த்தான். அமெரிக்காவில் வீட்டு விலை என்று ஒன்று செய்திருக்கிறாயாமே, அதை எல்லாப் பிள்ளைகளும்தான் செய்கிறார்களாம், நேர்முகம் எடுக்கிறவர்களுக்கு அதைப் பார்த்துப் பார்த்துக் கொட்டாவி வருமாம்.

ஆனால் கடைசியில் ஒரு மூலையில் கிடந்த ஒன்றைப் பார்த்து நிமிர்ந்து இருந்தான். போன வருடம் லீவில் வந்து நின்றபோது சங்கத்துக்காக நீ செய்து கொடுத்தாயே, எந்த மாதம் எவ்வளவு நண்டு பட்டது, சோளகக் காற்றுக்கு என்ன, வாடைக் காற்றுக்கு என்ன என்று நிறம் நிறமாக ஒரு படம், அதுதான். நடுவில் ஒரு இடம் பள்ளமாக விழுந்து கிடக்கிறதே, இது ஏன் அன்ரி என்று என்னைக் கேட்டான். அது நம் கோயில் திருவிழா, நவநாள் ஒன்பதும் ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்றேன். பாத்தீங்களா, இதைக் கேட்டால் அவளுக்குப் பதில் இருக்குது, அமெரிக்கா வீட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், இதை எல்லாத்துக்கும் மேல போடச் சொல்லுங்கோ என்றான். எனக்கு அரைவாசி விளங்கவில்லை, ஆனால் அவன் ஒப்புக்குச் சொல்லவில்லை என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தச் சாமான் கடைக் கதை நினைவு வந்தது. தெஹிவளைப் பக்கம் ஒரு பெரிய கடையின் களஞ்சியத்தில் உன்னைக் கூப்பிட்டார்களே, இருப்பைக் கொம்பியூட்டரில் பதிகிற வேலைக்கு. நீ மாட்டேன் என்றாய். அனலிஸ்ட் எண்டு படிச்சிட்டுப் பால்மா பக்கற் எண்ணுறாள் எண்டு ஊரில சிரிப்பினம் அம்மா என்றாய். நானும் அப்போது வற்புறுத்தவில்லை, எனக்கும் சிரிப்பினம் என்றுதான் பட்டது. போன கிழமை அழுகைக்கு நடுவில், அவர்கள் இன்னும் ஆள் தேடுகிறார்கள் என்று நீயே சொன்னாய். நிப்ராஸிடம் இதைச் சொன்னதும் தலையில் கை வைத்தான், நான் இருந்த கதிரையைவிட அது நல்ல கதிரை அன்ரி என்றான்.

சிரிப்பார்கள் என்கிற பயத்துக்குத்தான் இந்தக் கடிதமே. நீ போன் எடுத்த மறுநாள் அப்பா சுவாமியிடம் போயிருக்கிறார், அடுத்த ஞாயிறு பீடத்தில் வைத்து அது பிழை, பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்று வாசிக்கச் சொல்லி. சுவாமி சிரித்திருக்கிறார். மாதாவுக்குச் சொன்ன நன்றியை எப்பிடிப் பேதுரு திருப்பி வாங்கிறது, அது அங்கயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். கள்ளுத் தவறணைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன், தடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. பொழுதுபட்டுக் கோயிலில் திரிகால மணி அடிக்கும்போதுதான் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன், தண்ணி குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

நசீறா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோயிலடியில் தொடங்கி ஒவ்வொரு வீட்டுப் படலையாகப் போயிருக்கிறார். இருக்கச் சொன்னால் இருக்கவில்லையாம், தேத்தண்ணியும் வேண்டாமாம், நின்றபடியே சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு இன்னும் வேலை கிடைக்கேல்ல, நான்தான் அவசரப்பட்டு நன்றிப் பூசை குடுத்தனான், அவளில ஒரு பிழையும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறாள், செபத்தில நினைச்சுக்கொள்ளுங்கோ என்று. நசீறா வீட்டு வாசலில் மட்டும் அவர்கள் சொல்கிறபடி துஆவில நினைச்சுக்கொள்ளுங்கோ என்றாராம், அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியாகப் போனது றஞ்சிதா வீட்டுக்கு. செய்தி காதில் விழுந்தால் அவள் பயந்துவிடுவாள் என்று போயிருக்கிறார். அது உன்ர இடம் பிள்ளை, ஒருத்தரும் உன்னை எழுப்பமாட்டினம், நீ ஒண்டுக்கும் யோசிக்காதை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவசரத்துக்கு ஒரு முழக் கயிறு கூட அடுத்த வீட்டில் கேட்காத மனுசன் மகள். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, அந்த முழங்காலைப் பிடித்து எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன், அந்தப் பயத்தை உனக்குத் தந்தது நாங்கள்தான். இப்போது உன் அப்பா வாசல் வாசலாகப் போய், சொல்ல வேண்டியதை எல்லாம் தானே சொல்லிவிட்டு வந்துவிட்டார். உன்னைப் பற்றி இனி இந்த ஊரில் ஒருவரும் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. நீ பால்மா பக்கற் எண்ணினாலும் சரி, இன்னும் எத்தனை கம்பெனி உன்னை வேண்டாம் என்றாலும் சரி, யாருக்கும் எதையும் ஒளிக்கத் தேவையில்லை. அந்தக் களஞ்சியத்துக்கு இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணு. உண்மையாகவே ஏலாது, உடம்பும் மனமும் கேட்கவில்லை என்றால் வந்துவிடு, வீடு இருக்கிறது, கஞ்சியாவது இருக்கும், ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம். ஆனால் அந்தச் சங்க வேலை இருக்கிறது என்று நினைத்து மட்டும் வராதே.

மற்றப்படி பாலன் பிறக்கிற நத்தாருக்குச் சின்னப் பையோடு வா, பெரிய பெட்டி அங்கேயே இருக்கட்டும். இருட்ட முதல் அறைக்குப் போய்ச் சேர். தலைக்கு எண்ணெய் வை. நிப்ராஸின் நம்பரைப் பையில் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், வெட்கப்படாமல் கேள், அவனும் ஒருநாள் யாரிடமோ கேட்டுத்தான் போனவன். உன் நெற்றியில் சிலுவை போட்டு மடுமாதாவின் கையில் உன்னை ஒப்படைக்கிறேன், அவ உன்னைத் தனிய விடமாட்டா.

ஒன்று மறந்துவிட்டேன். உனக்கு வேலை கிடைத்தால் மடுமாதா கோயிலுக்கு நடந்தே வருவதாக அப்பா ஒரு நேர்த்தியும் வைத்திருந்தார், அதைப் பற்றி நேற்றுக் கேட்டேன். அதுக்குக் காலைப் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறன், ஆனா இந்தமுறை பிள்ளை சொன்னாப் பிறகுதான் வெளிக்கிடுவன், அவள் அவசரப்படாம ஆறுதலாத் தேடட்டும் எண்டு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பே. பிரான்சிஸ்கா