பெருஞ்சீரகத்துக்குப் பிரெஞ்சில் என்ன பெயர்

செவ்வாய்க்கிழமை.

பாரிஸிலிருந்து லீவில் வந்திருக்கும் என் புருஷன் இன்றைக்கும் அடித்தான். வெளியில் அவர், நான் ஒளித்து எழுதும் இந்தக் கொப்பியில் அவன்தான். அங்கே அவனுடைய சாப்பாட்டுக்கடையில் நான் சமைக்க வேண்டுமாம். அதற்காகச் சரக்குச் சாமான்களின் பெயர்களைப் பிரெஞ்சில் பாடமாக்க வைக்கிறான்.

நான் சீலா மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“பெருஞ்சீரகத்துக்கு என்னடி பேர்?”

“பெனுகிரெக்.”

“அது வெந்தயம்! எத்தனை தரம் சொல்லித் தந்தனான்?” அகப்பைக் காம்பால் காதோடு சேர்த்து அடித்தான்.

“படிப்பிக்கத்தானே அடிக்கிறான், பிள்ளை” என்றார் அவனைப் பெற்ற மாமி.

பெருஞ்சீரகம் பெனூய். இனி மறக்காது. காது இன்னும் இரைகிறது.

மீன் வெட்டிய கத்திக்குப் பெயர் அவன் சொல்லித் தரவில்லை. போனில் நானே தேடிப் பார்த்தேன். குத்தோ.

அது மட்டும் ஒரே தரத்தில் பாடமாகிவிட்டது.